கபிலர் மறைந்தது எங்ஙனம்?

பாரியை இழந்த கபிலரின் முடிவைப் பற்றி இருவேறு சான்றுகள் நமக்குக் கிடைக்கின்றன. பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வடக்கிருந்தார் என்பது புறநானூறு 236ஆம் பாட்டின் அடிக்குறிப்பு. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில், கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரியின் பெண்ணை மலையர்க்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. (மகளிர் அங்கே ஒருத்தியாகிவிட்டதையும் கவனிக்க.)

எதை நம்புவது? அடிக்குறிப்பு பின்னர்ச் சேர்ந்தது என்பர். கல்வெட்டோ அதனினும் பல நூற்றாண்டு பிந்தியது. அதற்கொரு நோக்கமும் உண்டு. இராசராசனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குடியில் பிறந்தவர். பால்மணம் மாறாத மகவைப் பிரிந்து, கணவன் சுந்தர சோழனோடு தீயில் இறங்கியவர் என்று அதே கல்வெட்டு அவரைப் புகழும். அவரது குலப்பெருமை பேசும் அக்கல்லில் கபிலருக்கும் தீயே வாய்த்ததில் நமக்கு வியப்பில்லை.

பாட்டிலோ நெருப்புமில்லை, பட்டினியுமில்லை. உடன்வர விடாமல் தம்மை நிறுத்திவிட்டுப் போன நண்பனிடம் கபிலர் மனம் நோகிறார்; மறுமையிலேனும் பிரியாதிருக்க வேண்டுகிறார். தென்பெண்ணையாற்றுக் கபிலர் குன்றைக் காணப் புறப்படும் மாணவரிடம், அப்பாட்டைப் படித்துவிட்டுப் போங்கள் என்றே நாம் சொல்லி வருகிறோம்.