பிறந்த ஊர் காட்டிக்கொடுத்த புற்றுநோய்

1970களில் யப்பானின் கியோட்டோவில் தக்காட்சுக்கி, உச்சியாமா என்ற வைத்தியர்களிடம் வந்த சில நோயாளிகளுக்கு என்ன வருத்தம் என்று பிடிபடவில்லை. எல்லாரும் வளர்ந்தவர்கள். கழுத்திலும் கமக்கட்டிலும் நெறி கட்டியிருந்தது. ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. பலருக்குத் தோலிலும் தடிப்பு. மருந்துக்கு நோய் அடங்கவில்லை. குருதியை நுணுக்குக்காட்டியில் வைத்தால், வெண்குழியங்களின் கரு மடிந்து மடிந்து பூவிதழ்போல விரிந்திருந்தது. இன்றைக்கும் அதைப் பூக்கலம் என்றே சொல்கிறார்கள்.

அவை ரி வகைக் கலங்கள். ஆனாலும் தெரிந்த எந்தப் புற்றுநோயோடும் முழுதாகப் பொருந்தவில்லை. துப்புக் கொடுத்தது நோயாளிகள் பிறந்த இடம்: 16 பேரில் 13 பேர் தெற்கே கியூஷுத் தீவில் பிறந்தவர்கள். 1977இல் 'வளர்ந்தோர் ரி கல லுகேமியா' என்று அதைத் தனி நோயாக எழுதினார்கள்.

அந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது? 1980இல் அமெரிக்காவில் பொயெஸ், கலோ குழுவினர் ஒரு நோயாளியின் கலங்களில் எச்.ரி.எல்.வி. என்ற வைரசைக் கண்டார்கள். மனிதரில் கண்டறியப்பட்ட முதல் ரெட்ரோவைரஸ் அது, எச்.ஐ.வி. பிறகுதான் வந்தது. 1981இல் கியோட்டோவில் ஹினுமா, யப்பானிய நோயாளிகளின் குருதியில் ஒரு வைரசுக்கான பிறபொருளெதிரியைக் காட்டினார். இரண்டும் ஒரே வைரஸ் என்பது பிறகு உறுதியானது.

அது பரவும் முக்கிய வழி தாய்ப்பால். இதை வாசித்தபோது மனம் கனத்துப்போனது. கைக்குழந்தையில் தொற்றி, பல பத்தாண்டுகள் ஓசையில்லாமல் கிடந்து, காவுவோரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கு மட்டும் புற்றுநோயாகிறது. நோயாளி இப்போது எங்கே வசிக்கிறார் என்பதைவிட, அவரும் தாயும் எங்கே பிறந்தார்கள் என்பதுதான் வைத்தியருக்கு வேண்டிய தகவல். நாகசாக்கியில் 1987 முதல் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, வைரஸ் உள்ளவர்கள் தாய்ப்பாலைத் தவிர்க்க ஆலோசனை சொல்லி வந்தார்கள்.

கரிபியன், தென்னமெரிக்கா, மேற்கு ஆபிரிக்கா, ஈரானின் மஷ்ஹத் பகுதியிலும் இந்த வைரஸ் உண்டு. பரிசோதனை இருக்கிறது, ஆனால் யாராவது நினைத்து எழுதினால்தான் நடக்கும். இல்லாவிட்டால் இந்த நோய் வேறொரு தோல் நிணநீர்ப் புற்றுநோயாகவே எண்ணப்பட்டுவிடலாம்.

கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் புதிதாக யாரைக் கண்டாலும் "உங்கட சொந்த ஊர் எது?" என்றுதான் கேட்கிறோம். எங்கள் இளம் வைத்தியர்கள் அதை வாட்டிலும் கேட்க வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நெறியும் தோல் தடிப்பும் இருந்து, குருதியில் கல்சியமும் ஏறி நின்றால், எச்.ரி.எல்.வி. பரிசோதனையையும் எழுதுங்கள்.