ஓரியும் பெரியண்ணனும்: கொல்லிமலையும் அண்டை மலைகளும்

நம் வட்டத்தின் கவியரங்குகளில் கொல்லிமலை பாடப்படாத ஆண்டில்லை. பாடுவோர் பெரும்பாலும் இரண்டையே எடுத்துக்கொள்வர். ஒன்று ஓரியின் வில், மற்றொன்று கொல்லிப்பாவை. குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. தமிழ் பயிற்றுவிக்கும் நானும் பல்லாண்டுகள் இவ்விரண்டுக்கு அப்பால் சென்றவள் அல்லள். இம்மலையை அதன் அண்டை மலைகளோடு வைத்து நோக்கிய பின்னரே ஒரு கேள்வி எழுந்தது: ஓரி யாருடையவன்?

சங்க காலத்தில் கொல்லி, கோவலூர், தகடூர் என்னும் மூன்றும் அண்டை நாடுகள். கொல்லிக்கு ஓரியும், கோவலூருக்கு மலையமான் திருமுடிக்காரியும், தகடூருக்கு அதியமான் நெடுமான் அஞ்சியும் தலைவர்கள். மூவருமே கடையெழு வள்ளல்களாக எண்ணப்பட்டோர். ஓரியும் காரியும் ஏறிய குதிரைகளின் பெயர்கள்கூட அவரவர் பெயர்களே. அத்தனை ஒப்புமை இருந்தும் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான்; காரியின் கோவலூரை அஞ்சி அழித்தான்; அஞ்சியின் தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்தான். ஒரே மொழியும் ஒரே பாணர் மரபும் உடைய நாடுகள் தத்தம் தனித்தன்மையை எவ்வளவு கடுமையாகக் காத்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இஃது எங்கும் காணப்படுவதே. அமெரிக்காவில் வர்ஜீனியா ஒரே மாநிலமாக இருந்தது. உள்நாட்டுப் போரின்போது அதன் மேற்கு மலைப்பகுதியினர் சமவெளியினரோடு ஒத்துப்போக இயலாமல் பிரிந்து, 1863-இல் மேற்கு வர்ஜீனியா என்னும் தனி மாநிலமாயினர். மலை மக்களைச் சமவெளியிலிருந்து ஆள்வோர் என்றும் எதிர்கொள்ளும் சிக்கல் அது.

இன்று கொல்லிமலையில் வாழும் மலையாளி மக்களின் தொன்மம் ஓரியைத் தொடுவதில்லை. (மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அமைந்த பெயர் இது, கேரளத்தாரோடு குழப்பிக்கொள்வோர் இன்னும் உளர்.) அவர்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர். 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இக்கதை பதிவாகியுள்ளது. மூத்தவர் சேர்வராயன் மலைக்குச் சென்றார் என்பர். கொல்லிக்கும் பச்சைமலைக்கும் சென்றவர் யார் யார் என்பதில் வடிவங்கள் மாறுபடுகின்றன. மூவரும் வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்தனர் என்றும் ஒரு வடிவம் உண்டு. ‘நாம் ஒன்று, ஆயினும் வேறு’ என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? கதைப்படி மூத்தவர் வேற்று மலைக்குரியவராயினும், கொல்லியின் உச்சியொன்றில் மாசிப் பெரியண்ணன் கோயில் கொண்டுள்ளார் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

தொன்மம் விதைத்த வேற்றுமையை வரலாறு வளர்த்தது. சேர்வராயன் மலையில் 1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். தோட்டங்களும் ஐரோப்பியர் மாளிகைகளும் பெருக, மண்ணின் மக்கள் பலர் பிறர் தோட்டத்துக் கூலியாயினர். கல்வராயன் மலையோ சாகீர்தார்களின் பிடியில் 1976 வரை இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்தே அம்மலை மக்கள் அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தனர். கொல்லியில் இவ்விரண்டும் அவ்வளவாக நிகழவில்லை. பள்ளத்தாக்குகளில் நெல்லும், சரிவுகளில் சாமையும், வீட்டருகே பலாவும் மிளகும் என உழவு மக்கள் கையிலேயே பெரிதும் நின்றது. அண்மைப் பதிற்றாண்டுகளில் சாமைக் கொல்லைகளை மரவள்ளி விழுங்கி வருவது வேறு கதை. அதனையும் நம் கவிஞர் எவரேனும் பாடலாம்.

நிலம் கையில் நின்றமையால் நாடுகளும் நின்றன. வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, சேலூர்நாடு என நீளும் பிரிவுகள் இன்று ஊராட்சிகளின் பெயர்களாகவும் வழங்குகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாம் படிக்கும் ‘நாடு’ என்னும் சொல் இங்கே பேருந்துப் பலகையில் உயிரோடு இருக்கிறது.

இந்த எல்லைகள் மக்கள் வகுத்தவை. அரசு வகுத்த எல்லைகளின் போக்கு வேறு. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் மலையாளிகளைத் தருமபுரி, சேலம், திருச்சிராப்பள்ளி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, புதுக்கோட்டை மாவட்டங்களில் மட்டும் பழங்குடியினராக ஏற்றது. கோயம்புத்தூர் மாவட்டம் அப்பட்டியலில் இல்லை. அதனால், பின்னர் ஈரோடு மாவட்டத்துள் அடங்கிய பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அதே பெயர் பூண்டிருந்தும் அப்பட்டியலுக்கு வெளியே நின்றனர். அவர்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்துள்ளனர். மூன்று அண்ணன் தம்பியர் பிரிந்தபோதுகூட உறவு அறுபடவில்லை; ஒரு மாவட்டக் கோடு அதனைச் செய்தது.

மீண்டும் ஓரிக்கு வருவோம். ஆடித் திங்களில் வல்வில் ஓரி விழா அரசு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லும் மக்கள், தங்கள் வருகைக்குப் பல நூற்றாண்டு முன்னரே மாண்ட மன்னனைத் தம்மவனாகக் கொள்வதில் முரண் இல்லையா என்று, மலையிலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருத்தியை வகுப்பில் கேட்டேன். அவள் சற்றே சிரித்தாள். “ஓரி புத்தகத்துல இருக்காருங்க அம்மா. பெரியண்ணன் வீட்டுல இருக்காரு. ஆடியில ரெண்டு பேரையும் கும்பிட்டுக்குவோம்” என்றாள். எந்த ஊர் என்று கேட்டதற்கு நாமக்கல் மாவட்டம் என்று அவள் சொல்லவில்லை, வளப்பூர்நாடு என்றாள்.