குர்பான் இல்லாத இரண்டாயிரம் ஆண்டுகள்

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு முந்திய நாள். தரம் பத்தில் தமிழ்ப் பாடம். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: “சேர், யூதர்மாரும் குர்பான் குடுக்கிறவங்களா?” நான் யோசிக்காமல், “ஓம், அவங்கட வேதத்திலயும் இருக்குத்தானே” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் அது உறுத்தத் தொடங்கியது. வேதத்தில் இருக்கிறது, உண்மை. ஆனால் இன்று கொடுக்கிறார்களா? அதை நான் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை.

யூதரை நாம் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் சந்திக்கிறோம். ஒன்று, குர்ஆனை ஓதும்போது. மற்றது, இரவுச் செய்தியில். இரண்டுக்கும் இடையே கிடக்கும் நூற்றாண்டுகள் நம் கண்ணில் படுவதேயில்லை. அந்த விடுமுறையில் அவற்றைப் பற்றித் தேடி வாசித்ததைத்தான் இங்கு எழுதுகிறேன்.

தமிழ் படித்தவனுக்குச் சொல்தானே வாசல். அல்-மாயிதா அத்தியாயத்தில் ஆதம் (அலை) அவர்களின் இரு புதல்வர் பற்றிய இடத்தில் ‘குர்பான்’ என்ற சொல் வருகிறது. எபிரேய மொழியில் அது ‘கொர்பான்’. இரண்டுக்கும் வேர் ஒன்றே: நெருங்குதல். இறைவனை நெருங்கக் கொடுப்பது குர்பான்.

பண்டைய இஸ்ரவேலர் தொடக்கம் முதலே ஒரே இடத்தில்தான் பலியிட்டனர் என்று நினைக்கக் கூடாது. பீடங்கள் பல இடங்களில் இருந்தன. நெகேவ் பாலைநிலத்து அராத் கோட்டையில், பீடத்தோடு கூடிய வணக்கத்தலம் ஒன்றை அகழ்வாய்வாளர் கண்டெடுத்துள்ளனர். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோசியா என்ற மன்னர் ஏனைய பீடங்களை ஒழித்து, பலி ஜெரூசலத்தில் மட்டுமே என்று ஆக்கியதாக அவர்களது வேதம் கூறுகிறது. கி.மு. 586இல் பபிலோனியர் அந்த ஆலயத்தை அழித்தனர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின் இரண்டாம் ஆலயம் எழுந்தது. ஹாரூன் (அலை) அவர்களின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கருதிய குருமார், நாள்தோறும் காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி என்று அங்கே பலியிட்டனர். கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துஸின் படை அதையும் எரித்தது. ஆலயத்தின் ஏழு கிளை விளக்கைப் படைவீரர் சுமந்து செல்லும் காட்சியை ரோம் நகரிலுள்ள தீத்துஸ் வளைவில் இன்றும் பார்க்கலாம்.

பல பீடங்கள் ஒரே பீடமாகி, கடைசியில் அந்த ஒன்றும் இல்லாமல் போனது. நெருங்குவதற்கு இருந்த ஒரே வாசலும் அடைபட்ட பின் ஒரு சமூகம் என்ன செய்யும்?

ஆலயத்தோடு பிணைந்திருந்த சதூக்கியர் என்ற பிரிவினர் அதன் பின் வரலாற்றில் மங்கிப் போயினர். மரணத்தின் பின் வாழ்வில்லை என்பது அவர்களது கொள்கை. வேதத்தின் பழைய பகுதிகளில் மறுமை பற்றிய பேச்சு மிகக் குறைவு. இறந்தோர் எழுவர் என்ற செய்தி தெளிவாக வருவது தானியேல் நூலில்தான். அதை நம்பிய பரிசேயரின் வழியே பிழைத்து நின்றது. பிற்காலத்தில், உயிர்த்தெழுதலை மறுப்பவருக்கு மறுமையில் பங்கில்லை என்று எழுதி வைக்கும் அளவுக்கு அது அடிப்படை நம்பிக்கையாயிற்று. ஆக, வணக்கம் மட்டுமல்ல, நம்பிக்கையில் எது முதன்மை பெறுகிறது என்பதும் மாறியது.

யோஹனான் பென் ஸக்காய் என்ற அறிஞரைப் பற்றி அவர்களிடம் ஒரு கதை உண்டு. முற்றுகையிடப்பட்ட ஜெரூசலத்திலிருந்து மாணவர்கள் அவரைச் சவப்பெட்டியில் வைத்து வெளியே கொண்டு வந்தார்களாம். ரோமத் தளபதியிடம் அவர் கேட்டது கோட்டையை அல்ல. யவ்னே என்ற ஊரையும் அங்கிருந்த அறிஞர்களையும்தான். கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் அந்த ஊரில் ஒரு கல்வி வட்டம் உருவானது வரலாறு.

அந்த அறிஞர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் பலியை வேறு பாத்திரங்களில் ஊற்றி வைத்தார்கள். காலைத் தொழுகை காலைப் பலியின் இடத்திலும், பிற்பகல் தொழுகை மாலைப் பலியின் இடத்திலும் வந்தன. பிற்பகல் தொழுகையின் பெயரான ‘மின்ஹா’வே காணிக்கையைக் குறிக்கும் சொல்தான். கி.பி. 200 அளவில் யூதா ஹநாசி ‘மிஷ்னா’ என்ற சட்டத் தொகுப்பை ஒழுங்குபடுத்தினார். அதன் ஆறு பெரும் பிரிவுகளில் ஒன்று பெரும்பாலும் ஆலயப் பலிகளைப் பற்றியது. ஆலயம் இடிந்து நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகு! செய்ய முடியாததைப் படிப்பதும் ஒரு வணக்கமாகிவிட்டது.

இந்த வரலாற்றின் அடுத்த பெரிய பகுதி நம் முன்னோரின் நாகரிகத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. மூஸா இப்னு மைமூன் குர்துபாவில் பிறந்து 1204இல் எகிப்தில் காலமானவர். ஸலாஹுத்தீன் ஐயூபியின் அரசவை வட்டத்து மருத்துவர். ‘தலாலதுல் ஹாயிரீன்’ என்ற தத்துவ நூலை அவர் எழுதியது அரபு மொழியில், எபிரேய எழுத்தில். அரபெழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழின் பிள்ளைகளான நமக்கு இது புதினமல்ல. அக்கால மக்கள் பலியைத் தவிர வேறு வணக்கம் அறியாதிருந்தார்கள்; ஆகவே இறைவன் அதை ஒரேயடியாக நீக்காமல், ஓரிடத்துக்குள் அடக்கி, சிலைகளிடமிருந்து தன் பக்கம் திருப்பினான் என்று அந்நூலில் அவர் வாதிட்டார். பின்வந்த நஹ்மனிதீஸ் என்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் இதைக் கடுமையாக மறுத்தார். ஆனால் அதே இப்னு மைமூன்தான், தமது சட்ட நூலில் பலிச் சட்டங்களை ஒன்றும் விடாமல் தொகுத்தும் வைத்தார்.

அவரது மகன் ஆப்ரஹாம், தொழுகையில் ஸஜ்தாவையும் வரிசையாக அமர்வதையும் கொண்டுவர முயன்றார். இது முஸ்லிம்களின் வழக்கம் என்று எதிர்த்தவர்கள் ஸுல்தான் வரை முறைப்பாடு கொண்டுபோயினர். இவை நம் நபிமார் காலத்து வழக்கங்கள், நாம்தான் கைவிட்டோம் என்பது அவரது நிலைப்பாடு.

நவீன காலத்தில் பிரிவினை வந்தது ஒரு வினைச்சொல்லில். ஆலயம் மீண்டும் எழும், பலியை நிறைவேற்றுவோம் என்று ஓய்வுநாளிலும் பெருநாளிலும் வேண்டுவது பழைய மரபு. மரபுவாதிகள் இன்றும் அப்படியே ஓதுகின்றனர். 1818இல் ஹம்பர்க் நகரில் தொடங்கிய சீர்திருத்தச் சபை அந்த வாசகங்களில் கை வைத்தது. 1885இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கூடிய சீர்திருத்த ரப்பிமார், பலி வணக்கம் திரும்பி வருவதைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்றே அறிவித்தனர். இரண்டுக்கும் நடுவே நின்ற அமெரிக்கப் பிரிவினர் 1946இல் வெளியிட்ட வழிபாட்டு நூலில் எதிர்காலத்தை இறந்தகாலமாக மாற்றினர்: ‘நிறைவேற்றுவோம்’ என்பது ‘எம் முன்னோர் நிறைவேற்றினர்’ என்றாயிற்று.

இது வெறும் இலக்கண விளையாட்டல்ல. ஆலயம் இருந்ததாக அவர்கள் கருதும் இடம் ஹரமுஷ் ஷரீப். 1967இல் இஸ்ரேலின் தலைமை ரப்பிமார், யூதர்கள் அங்கு நுழைவதை மார்க்கச் சட்டப்படியே தடுத்தனர். இன்று அந்தத் தடையை மீறி நுழைவோரும், ஆலயத்தைக் கட்டியே தீருவோம் என்போரும் இருக்கின்றனர். அஞ்ச வேண்டிய ஒன்றுதான் அது. ஆனால் ‘யூதர் எல்லாரும் இதைத்தான் நாடுகிறார்கள்’ என்று சொன்னால், எதிர்காலத்தில் ஓதுபவனையும் இறந்தகாலத்தில் ஓதுபவனையும் ஓதாமலே விட்டவனையும் ஒரே ஆளாக்கிவிடுகிறோம். நம்மைப் பற்றி மற்றவர் இப்படிப் பேசினால் நமக்கு எப்படி இருக்கும் என்பதை, இந்த நாட்டில் வாழும் நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பாடசாலை தொடங்கிய முதல் நாளே அந்த வகுப்பில் சொன்னேன்: “அண்டைக்கு நான் சொன்னது பிழை. யூதர்மார் குர்பான் குடுக்கிறதில்ல. நாப்லஸ் பக்கத்து மலையில அவங்களுக்கு உறவான ஸமாரியர் எண்ட சின்னக் கூட்டம் மட்டும் இண்டைக்கும் ஆடு அறுக்கிறாங்க.” பிறகு கரும்பலகையில் ‘நிறைவேற்றுவோம்’, ‘நிறைவேற்றினர்’ என்று இரண்டு வினைமுற்றுகளை எழுதிக் காலம் காட்டச் சொன்னேன். எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். அதன் பின்தான் கதையைத் தொடங்கினேன்.