வேட்பாளரைத் தேர்வது யார்?

தேர்தல் அறிவிப்பு வெளியானதும், கிருஷ்ணன்கோவிலில் வத்திராயிருப்பு சாலை பிரியும் இடத்தில் எழும் முதல் கேள்வி, 'சீட்டு யாருக்கு?' என்பதுதான். விடை சென்னையிலிருந்து பட்டியலாக வரும். கொடி கட்டி, சுவரில் சின்னம் வரைந்த கிளைச் செயலாளரும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தே தெரிந்துகொள்கிறார்.

கட்சிகள் விருப்ப மனு பெறுகின்றன, நேர்காணலும் நடத்துகின்றன. எனினும், சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது 'ஏ', 'பி' படிவங்களில் உள்ள கையொப்பம் மட்டுமே. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, ஜனநாயகத்தில் பற்றுறுதி கொள்வதாகக் கட்சிகளிடம் பதிவின்போது உறுதிமொழி கேட்கிறது. அதை மீறியதற்காகப் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று உச்சநீதிமன்றம் 2002-இல் கூறிவிட்டது.

அந்தக் கையொப்பத்தின் வலிமையை 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் காட்டியது. அதிமுகவில் இரட்டைத் தலைமைப் பூசலால் படிவத்தில் யார் கையொப்பமிடுவது என்ற சிக்கல் எழுந்தது. வேட்பாளரைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும் என உச்சநீதிமன்றம் இடைக்கால ஏற்பாடு செய்தது. உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்ட படிவத்தில் கே.எஸ். தென்னரசுவின் பெயர் மட்டுமே இருந்ததாக ஓ. பன்னீர்செல்வம் தரப்பு ஆட்சேபித்தது. 2,500 பேர் அளவில் ஒப்புதல் தந்தனர். ஒரே பெயருக்கு ஒப்புதல் கேட்பதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

ஜெர்மனியில் உறுப்பினர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ ரகசிய வாக்கெடுப்பில்தான் வேட்பாளரைத் தேர்ந்தாக வேண்டும். இது தேர்தல் சட்டத்திலேயே உள்ளது. இங்கே காங்கிரஸ் 2014 மக்களவைத் தேர்தலில் சில தொகுதிகளில் இம்முறையை முயன்று பார்த்தது, தொடரவில்லை. உட்கட்சி வாக்கெடுப்பு வந்தால் பணமும் சாதிக் கணக்கும் போலி உறுப்பினர் சேர்க்கையும் வரும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால், தலைமை தயாரிக்கும் பட்டியலில் அவை இல்லையா, என்ன?

2008 மறுவரையறையில் தனித் தொகுதியான ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. வாக்காளரில் பெரும்பான்மையோர் பட்டியல் இனத்தவர் அல்லர். எனவே, அம்மக்கள் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே முன்மொழியக்கூடிய இடம் கட்சிக்குள்தான் இருக்க முடியும். அங்கே வாக்கு இல்லையென்றால், தலைமைக்கு இணக்கமானவருக்கே ஒதுக்கீட்டின் பயன் போய்ச் சேரும்.

சட்ட ஆணையம் 1999-இல் தனது 170-ஆவது அறிக்கையில் உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கப் பரிந்துரைத்தது. அதற்கு நாடாளுமன்றம் மனம்வைக்க வேண்டும். 1968-ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணையோ தேர்தல் ஆணையமே பிறப்பித்தது. தொகுதி உறுப்பினர்களின் வாக்கெடுப்பு விவரத்தை 'பி' படிவத்துடன் இணைக்கும்படி அதில் ஒரு பத்தி சேர்த்து, தொடக்கத்தை ஆணையமே செய்யலாம்.