மூன்று பேரை அனுப்பிய தொகுதி: நுவரெலியா–மஸ்கெலியாவும் மலையகத் தமிழரின் வாக்கும்

இலங்கையின் தேர்தல் வரலாற்றில் நுவரெலியா–மஸ்கெலியா என்ற பாராளுமன்றத் தொகுதி ஒரேயொரு பொதுத் தேர்தலையே கண்டது. 1977 இல் அத்தொகுதி மூன்று பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1989 இல் விகிதாசார முறையில் தேர்தல் நடந்தபோது அது தொகுதி என்ற தகுதியை இழந்து, வாக்கு எண்ணும் பிரிவாகச் சுருங்கியது. பன்னிரண்டு ஆண்டு கூட வாழாத இந்தத் தொகுதியின் கதையைச் சொல்ல 1931 வரை பின்னால் போக வேண்டியிருக்கிறது. மலையகத் தமிழர்களுக்கு வாக்கு கிடைத்ததும், பறிபோனதும், துண்டு துண்டாகத் திரும்பி வந்ததும் அந்த மண்ணில்தான்.

நான் வாக்களிப்பது கண்டி மாவட்டத்தில், பிலிமத்தலாவை அடங்கும் யட்டிநுவரப் பிரிவில். எங்கள் பகுதியில் தமிழர்கள் சிதறி வாழ்கிறோம். தனித்து ஒருவரைத் தெரிவு செய்யும் பலம் எங்களுக்கு என்றும் இருந்ததில்லை. அதனால் கண்டி மலைகளுக்கு அப்பால் இருக்கும் அந்தத் தொகுதியை எங்களுடையதாகவே பார்த்து வந்தோம். அங்கே ஒருவர் வென்றால் எங்களுக்காகவும் பேச ஒருவர் இருக்கிறார் என்று எண்ணிய தலைமுறை எங்களுடையது.

தொடக்கம்: அட்டனும் தலவாக்கலையும்

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களுக்கு அது முழுமையாகக் கிடைக்கவில்லை. நிரந்தரமாக இங்கே குடியிருப்பவர் என்று காட்டக் கூடியவர்களே இடாப்பில் சேர முடிந்தது. அப்படியிருந்தும் அரசாங்க சபைக்கு அட்டனிலிருந்து பெரி சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ்.பி. வைத்திலிங்கமும் தெரிவானார்கள். பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936 இல் அட்டன் தொகுதியைத் தோட்டத் தொழிற்சங்கத்தின் முன்னோடி கோ. நடேசய்யர் வென்றார்.

சோல்பரி அரசியலமைப்புக்காக 1946 இல் தொகுதிகள் புதிதாக வகுக்கப்பட்டன. 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு ஒவ்வோர் 1,000 சதுர மைலுக்கும் ஓர் ஆசனம் என்பது கணக்கு. இங்கே எண்ணப்பட்டவர்கள் வாக்காளர்கள் அல்லர், மக்கள். பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த விதியை மறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

1947: ஏழு பேர்

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளையில் எஸ்.எம். சுப்பையா, அலுத்நுவரவில் டி. இராமானுஜம். முதல் நால்வரின் தொகுதிகளும் பிற்காலத்து நுவரெலியா–மஸ்கெலியாவின் நிலப்பரப்பைச் சார்ந்தவை. ஐந்தாமவரின் நாவலப்பிட்டி எங்கள் கண்டி மாவட்டத்தது.

இவர்களில் வேலுப்பிள்ளை கவிஞர். வட்டகொடைக்கு அருகே மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, தோட்ட மக்களின் வாழ்வையும் நாட்டார் பாடல்களையும் எழுத்தில் கொண்டுவந்தவர். இராஜலிங்கத்தின் பெயரை புசல்லாவையில் இன்றும் கல்வியோடு சேர்த்தே சொல்கிறார்கள். அங்குள்ள சரஸ்வதி கல்லூரி அவர் ஊன்றியது.

தெரிவு செய்யப்பட்ட 95 பேரில் ஏழு பேர் பெரிய தொகை அல்ல. ஆனால் ஐக்கிய தேசியக் கட்சி 42 ஆசனங்களோடு அறுதிப் பெரும்பான்மை இல்லாமல் நின்ற பாராளுமன்றம் அது. காங்கிரஸ் போட்டியிடாத வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குப் போயிருந்தன. தோட்டத் தொழிலாளியின் வாக்குக்கு அரசாங்கத்தை அசைக்கும் எடை உண்டு என்று டி.எஸ். சேனநாயக்க கண்டுகொண்டார்.

மூன்று சட்டங்கள்

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, தந்தையும் பாட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது அச்சட்டம். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயங்களில் அது நடக்கக் கூடிய காரியம் அல்ல. அடுத்து 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். திருமணமானவர் ஏழு ஆண்டும் மற்றவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்றது. மூன்றாவது, 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜைகள் மட்டுமே வாக்காளர் என்று அது முடித்துவைத்தது.

1946 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். இரண்டாவது சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர்தான். பற்றுச்சீட்டு, செக்ரோல் துண்டு, துரையின் கடிதம் என்று கிடைத்த காகிதத்தையெல்லாம் தகரப் பெட்டியில் பூட்டி வைக்கும் பழக்கம் எங்கள் முதியவர்களிடம் கடைசிவரை இருந்தது. அந்தப் பழக்கம் இந்தச் சட்டங்களிலிருந்து வந்தது.

வடக்கு கிழக்கு வாசகர்கள் அறிந்த ஒரு திருப்பமும் இங்கேதான் நிகழ்ந்தது. 1948 செப்டெம்பரில் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். மலையக மக்களின் பிரஜாவுரிமையைக் காரணம் காட்டி எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டுப் பிரிந்தார். 1949 டிசம்பர் 18 இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. தமிழ்த் தேசிய அரசியலின் அந்தப் பெரும் பிளவு தோட்டத் தொழிலாளியின் வாக்கின் பேரில் ஏற்பட்டது என்பதை இப்போது பலர் நினைப்பதில்லை.

சட்டங்களை எதிர்த்து 1952 ஏப்ரலில் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ருவன்வெல்லவின் இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட கோடாகன் பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போனது. சிறுபான்மையினரைக் காக்கும் 29 ஆம் உறுப்புரையை இச்சட்டங்கள் மீறவில்லை என்று 1953 இல் தீர்ப்பு வந்தது. அரசியலமைப்புக் காப்பீடுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அந்தத் தீர்ப்பு ஓர் ஆரம்பப் பாடம்.

எண்ணப்பட்டார்கள், கேட்கப்படவில்லை

1952 தொடங்கி 1977 வரை எந்தப் பொதுத் தேர்தலிலும் மலையகத் தமிழர் ஒருவர் தோட்டத் தொகுதியிலிருந்து தெரிவாகவில்லை. தொகுதிகள் இருந்தன, மக்களும் இருந்தார்கள், இடாப்பில் அவர்களுடைய பெயர்தான் இல்லை.

1959 எல்லை நிர்ணயத்திலும் மக்கள் தொகையே அடிப்படையாக இருந்தது. நாடற்றவர்கள் தலைக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய எண்ணிக்கையால் மலைநாட்டுக்குக் கூடுதல் ஆசனங்கள் கிடைத்தன. அந்த ஆசனங்களை நிரப்பியவர்கள் சுற்றியிருந்த கிராமத்து வாக்காளர்கள். தலவாக்கலை, கொட்டகலை என்ற தொகுதிப் பெயர்களும் மறைந்தன. வாக்கு இழந்த மனிதர் இன்னொருவரின் வாக்குக்குப் பாரம் கூட்டினார் என்பதே இதன் பொருள்.

இடைப்பட்ட காலத்தில் மலையகத்தின் குரல் நியமன உறுப்பினர்களின் வழியாகவே சபைக்குள் போனது. 1960 இலும் 1965 இலும் தொண்டமான் நியமிக்கப்பட்டார். 1965 இல் வி. அண்ணாமலையும் சேர்ந்தார். 1970 இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் ஏ. அஸீஸ் நியமனம் பெற்றார். நியமனம் என்பது பிரதமரின் விருப்பம். ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார்.

1964 ஒக்டோபர் 30 இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரின் தலைவிதியைப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அந்த மீதியையும் 1974 இல் இரு நாடுகளும் 75,000 வீதம் பாதியாக்கிக் கொண்டன. அம்மக்கள் சார்பில் தெரிவான ஒருவர் கூட அப்போது பாராளுமன்றத்தில் இல்லை.

1977: ஒரு தொகுதி, மூன்று ஆசனங்கள்

1976 எல்லை நிர்ணயம் 160 தொகுதிகளையும் 168 உறுப்பினர்களையும் வகுத்தது. சிறுபான்மையினருக்கு இடம் கிடைக்கட்டும் என்று ஆறு தொகுதிகள் பல அங்கத்தவர் தொகுதிகளாக்கப்பட்டன. மத்திய கொழும்புக்கும் நுவரெலியா–மஸ்கெலியாவுக்கும் தலா மூன்று ஆசனங்கள். பேருவளை, மட்டக்களப்பு, பொத்துவில், ஹாரிஸ்பத்துவ ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு. ஹாரிஸ்பத்துவ கண்டி மாவட்டத்தது. அங்கே 1977 இல் ஏ.சி.எஸ். ஹமீட் வென்று வெளிநாட்டமைச்சரானார். கண்டி மாவட்டத் தமிழருக்கு அப்படியொரு ஏற்பாடு கிடைக்கவில்லை.

தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகளைச் சுவீகரிப்பதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் திரண்ட தொழிலாளர்கள் மீது பொலிசார் சுட்டார்கள். சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். அந்தச் சூட்டோடுதான் ஜூலை 21 இல் மக்கள் வாக்களிக்கப் போனார்கள்.

முடிவு இப்படி அமைந்தது:

- காமினி திசாநாயக்க, ஐக்கிய தேசியக் கட்சி: 65,903
- அநுர பண்டாரநாயக்க, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி: 48,776
- எஸ். தொண்டமான், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்: 35,743

இந்த எண்களை வாசிக்கும் முறை ஒன்று உண்டு. மூன்று ஆசனத் தொகுதியில் ஒரு வாக்காளருக்கு மூன்று வாக்குகள். அவற்றை ஒருவருக்கே போட்டுவிடலாம். மூன்றையும் சேவலுக்கே இட்டவர்கள் 12,000 பேர் இருந்தாலே 35,743 வந்துவிடும். தோட்டங்களால் நிறைந்த ஒரு பெருந்தொகுதியில் தொண்டமான் மூன்றாவதாக வந்ததற்குக் காரணம் இடாப்பில் இருந்தது. அங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அன்றும் வாக்கற்றவர்கள். ஒற்றை ஆசனமாக இருந்திருந்தால் அவர் உள்ளே போயிருக்கவே மாட்டார்.

மூவரும் பிறகும்

தொண்டமான் 1978 செப்டெம்பரில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். 1972 இல் தமிழர் கூட்டணியில் செல்வநாயகத்தோடும் பொன்னம்பலத்தோடும் தலைமையைப் பகிர்ந்தவர், தனிநாட்டுக் கோரிக்கையோடு உடன்படாமல் விலகி நின்றார். 1983 ஜூலைக்குப் பின்னும் அமைச்சரவையில் இருந்தார். அதை இன்றும் குறை சொல்வோர் உண்டு. உள்ளே இருந்தபடி 1986 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தையும் 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டத்தையும் பெற்றுத் தந்தார் என்பதும் அதே கணக்கில் வர வேண்டும். எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டங்கள் அவை. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் மிச்சத்தை முடித்தது.

காமினி திசாநாயக்க மகாவலித் திட்டத்தின் அமைச்சராக அறியப்பட்டார். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த வேளையில் யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்த இரு அமைச்சர்களில் அவர் ஒருவர். 1994 ஒக்டோபரில் ஜனாதிபதி வேட்பாளராக இருந்தபோது குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆறாம் திருத்தத்தால் ஆசனங்களை இழந்ததும், 1983 இல் எதிர்க்கட்சித் தலைவர் பதவி அமிர்தலிங்கத்திடமிருந்து அநுர பண்டாரநாயக்கவுக்குப் போனது. வடக்கின் கதையில் வரும் இந்த இருவரும் ஒரே தோட்டத் தொகுதியின் உறுப்பினர்கள்.

அத்தொகுதியின் மக்களில் ஒரு பகுதியினரும் வடக்குக்குப் போனார்கள். 1977, 1981, 1983 வன்செயல்களில் விரட்டப்பட்டவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறினார்கள். எஸ்.ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோரின் காந்தியம் அமைப்பு அவர்களுக்கு நிலமும் கூரையும் தேடிக் கொடுத்தது. இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அக்குடும்பங்கள் பலவும் 2009 இல் போரின் கடைசி நிலத்தில் நின்றன. மலையில் வாக்கை இழந்தவர்களின் பிள்ளைகள் வன்னியில் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

இன்று மிஞ்சியிருப்பது

1989 முதல் மாவட்டமே தேர்தல் அலகு. நுவரெலியா–மஸ்கெலியா என்ற பெயர் கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை ஆகியவற்றோடு ஒரு வாக்களிப்புப் பிரிவாக நீடிக்கிறது; நாட்டின் மிகப் பெரிய பிரிவுகளில் ஒன்று அது. விருப்பு வாக்கு முறையில் நுவரெலியா மாவட்டம் தொடர்ந்து தமிழரை அனுப்புகிறது. கண்டியில் சிதறிய வாக்குகள் ஒன்றுசேர்ந்தபோது 2015 இலும் 2020 இலும் வேலு குமார் தெரிவானார். 2024 இல் அவர் தெரிவாகவில்லை. தொகுதி முறையின் கீழ் எங்கள் பகுதித் தமிழருக்கு அந்த வாய்ப்புக்கூட இருந்ததில்லை.

அதனால்தான் தொகுதி முறையை மீண்டும் கொண்டுவரும் பேச்சு எழும்போதெல்லாம் நான் கவனமாகக் கேட்கிறேன். 2017 இல் மாகாண சபைகளுக்குக் கலப்பு முறை சட்டமானது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் நிராகரித்தது. பேச்சு அத்தோடு முடியவில்லை. கோடு எங்கே விழுகிறது, யாரை எண்ணுகிறார்கள், ஓர் ஆசனமா மூன்று ஆசனமா என்ற மூன்று கேள்விகளிலேயே எங்கள் பிரதிநிதித்துவம் தங்கியிருக்கிறது. எல்லை நிர்ணய ஆணைக்குழு யோசனைகள் கோரும் அறிவித்தல் பத்திரிகையில் சிறிய எழுத்தில் வரும். அந்த அறிவித்தலைத் தேடி வாசித்து, நம் ஊர்ச் சங்கங்கள், கோயில் சபைகள், பாடசாலைக் குழுக்கள் வழியாக எழுத்தில் யோசனை கொடுக்க வேண்டும். 1946 இல் வகுத்த எல்லைக்குள் ஏழு பேர் வென்றார்கள். 1959 இல் வகுத்த எல்லைக்குள் ஒருவரும் வெல்லவில்லை. மக்கள் அதே மக்கள்தான்.