எழுதுகோலும் அரசாணையும்

ஓர் அரசாங்கம் ஒரு நூலைத் தடுக்க விரும்பினால் அதற்கு எத்தனை வழிகள் உண்டு? தடை உத்தரவு ஒன்றே முதலில் நம் நினைவுக்கு வரும். ஆனால் சோவியத் ருஷ்யாவின் இலக்கிய வரலாற்றை நோக்குவோமாயின், அதனினும் வலிய கருவிகள் உண்டென்பது புலனாகும்.

1917 நவம்பரில் ஆட்சியைக் கைப்பற்றிய போல்ஷெவிக்குகள், சில தினங்களுக்குள்ளேயே பத்திரிகைகளைக் குறித்து ஓர் ஆணை பிறப்பித்தனர். எதிர்ப்புப் பத்திரிகைகளை மூட அது வழி செய்தது. புதிய ஆட்சி நிலைபெற்றதும் இக்கட்டுப்பாடு நீங்கும் என்ற வாக்குறுதியும் அந்த ஆணையிலேயே அடங்கியிருந்தது. வாக்குறுதி ஏட்டளவில் நின்றது. 1922 ஜூனில் 'கிளாவ்லித்' என்னும் தணிக்கை அலுவலகம் தோன்றியது; அச்சேற வேண்டியவற்றுள் பெரும்பாலானவை அதன் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டியதாயிற்று.

எனினும் அந்தப் பத்தாண்டில் கலைஞர் மூச்சுவிட ஓரளவு இடமிருந்தது. எந்த ஓர் இலக்கியக் குழுவுக்கும் ஏகபோக உரிமை இல்லையென 1925-இல் கட்சியே தீர்மானித்தது. ஐசன்ஸ்டைனின் 'பொட்டெம்கின் போர்க்கப்பல்' என்னும் திரைப்படம் அதே ஆண்டில் உருவானதே.

நிலைமை மாறியது 1932-இல். அவ்வாண்டு ஏப்ரலில் இலக்கியக் குழுக்கள் கலைக்கப்பட்டு, ஒரே எழுத்தாளர் சங்கம் அமைக்க ஏற்பாடாயிற்று. 1934 ஆகஸ்டில் மாஸ்கோவில் கூடிய முதல் மாநாட்டுக்கு மாக்சிம் கார்க்கி தலைமை தாங்கினார். 'சோஷலிச யதார்த்தவாதம்' என்ற கோட்பாடு எழுத்தாளர் அனைவருக்கும் பொது நெறியாக விதிக்கப்பட்டது. இருப்பதை உள்ளவாறு காட்டுவதன்று, வரப்போவதை நோக்கி நடைபோடுவதாகக் காட்டுவதே அதன் உட்பொருள்.

இச்சங்கமே மிகக் கூரிய கருவியாயிற்று. குடியிருக்க வீடு, ஓய்வு விடுதி, கடனுதவி, நூல் வெளியீடு ஆகிய யாவும் பெரும்பாலும் சங்கத்தின் வழியே கிட்டின. ஆகவே சங்கத்தினின்று நீக்கப்படுவது எழுத்தாளனின் அடுப்பை அணைப்பதற்கு ஒப்பாகும். 1946 ஆகஸ்டில் கட்சி ஒரு தீர்மானத்தால் கவிஞர் அன்னா அக்மாத்தவாவையும் நகைச்சுவை எழுத்தாளர் ஸோஷ்சென்கோவையும் கண்டித்தது. இருவரும் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டனர். உணவுப் பங்கீட்டு அட்டையும் கூடவே பறிபோயிற்று.

கொடிய தண்டனைகளும் இருந்தன. ஸ்டாலினைப் பற்றி ஒரு கவிதை புனைந்ததற்காக மாண்டெல்ஷ்டாம் 1934-இல் கைதானார். மீண்டும் சிறைப்பட்டு, 1938-இல் தூரக் கிழக்கு முகாமொன்றில் மாண்டார். கதாசிரியர் பாபெலும் நாடக இயக்குநர் மேயர்ஹோல்டும் 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அக்மாத்தவா கையாண்ட தற்காப்பு வியப்புக்குரியது. மகன் சிறையிலிருந்த நாட்களில் அவர் இயற்றிய 'இரங்கற்பா' காகிதத்தில் தங்கவில்லை. வரிகளை ஒரு துண்டில் எழுதித் தோழிக்குக் காட்டுவார். தோழி மனனம் செய்ததும் துண்டைக் கொளுத்திவிடுவார். மனித நினைவே அந்நூலின் பெட்டகமாயிற்று. அது சோவியத் மண்ணில் அச்சேறியது 1987-இல்.

1953-இல் ஸ்டாலின் மறைந்தபின் பனி சற்றே உருகியது. 1962 நவம்பரில், சிறைமுகாம் வாழ்வைச் சித்திரிக்கும் சோல்செனிட்சினின் கதை, குருஷ்சேவின் இசைவுடன் 'நோவி மீர்' இதழில் வெளிவந்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு பிப்ரவரியில் நிகழ்ந்ததென்ன? வாஸிலி கிராஸ்மனின் 'வாழ்வும் விதியும்' என்ற நாவலைக் காவல் துறையினர் பறிமுதல் செய்தனர். கையெழுத்துப் பிரதி, கார்பன் தாள், தட்டச்சு நாடா எதுவும் மிஞ்சவில்லை. ஆசிரியரைக் கைது செய்யவில்லை. நூலையே கைது செய்தனர்! கிராஸ்மன் 1964-இல் காலமானார். நண்பர்கள் மறைத்து வைத்த பிரதி நுண்படமாக நாடு கடந்து, 1980-இல் ஸ்விட்ஸர்லாந்தில் நூலாயிற்று; 1988-இல் மாஸ்கோ வாசகரையும் எட்டியது.

மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளை நம்மில் பலர் விரும்பிப் படித்திருக்கிறோம். அவற்றுள் அரிய நூல்கள் பல உண்டு. ஆயினும் அங்கே அனுமதி பெற்றவையே நம்மிடம் வந்தன. அக்மாத்தவாவின் 'இரங்கற்பா' அவற்றுள் இராததன் காரணத்தை அன்று நாம் வினவவில்லை.

1990 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பத்திரிகைச் சட்டம் தணிக்கையை ஒழித்தது. தற்காலிகம் என அறிவிக்கப்பட்ட கட்டுப்பாடு நீங்க எழுபத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதிகாரம் 'சிறிது காலத்துக்கு மட்டும்' என்று சொல்லும்போது, அக்காலம் எப்போது முடியுமென்று கேட்டு வைத்துக்கொள்வது எந்நாட்டுக் குடிமகனுக்கும் நன்று.