கோப்பில் இடம் குறித்தல்: ஒரு சிறு வரலாறு

ஒலிநாடாவில் ஏழாவது பாட்டைக் கேட்க விரும்பினால், முதல் ஆறு பாட்டுகளுக்குரிய நாடாவை ஓட்டித் தீர்க்க வேண்டும். இசைத்தட்டிலோ முள்ளைத் தூக்கி உரிய இடத்தில் வைத்தால் போதும். கணிப்பொறியின் நினைவுச் சேமிப்பும் இவ்வாறே நாடாவிலிருந்து தட்டுக்கு வளர்ந்தது.

1951-இல் வந்த யூனிவாக் கணிப்பொறி காந்த நாடாவைப் பயன்படுத்தியது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் ‘ராமாக்’ என்னும் கணிப்பொறியை அறிமுகம் செய்தது. அதன் சேமிப்புப் பகுதியில் 24 அங்குல விட்டமுள்ள 50 காந்தத் தட்டுகள் நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. 50 லட்சம் எழுத்துகளுள் வேண்டிய இடத்தை அடையச் சராசரியாக 0.6 நொடியே ஆயிற்று.

தட்டு தயாராயிற்று, ஆனால் ‘இந்த இடம்’ என்று நிரல் எவ்வாறு சொல்வது? 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய ‘யுனிக்ஸ்’ இயக்க அமைப்பு இதற்கு எளிய விடை தந்தது. கோப்பு என்பது 0 முதல் எண்ணிடப்பட்ட பைட்டுகளின் வரிசை, அவ்வளவே. நிரல் தட்டை நேரே தொடுவதில்லை. இயக்க அமைப்பிடம் வேண்டுகோள் விடுக்கிறது. இதுவே ‘சிஸ்டம் கால்’. திறந்த கோப்பில் நாம் நிற்கும் இடத்தின் எண்ணை இயக்க அமைப்பே குறித்து வைத்துக்கொள்ளும். ‘ரீட்’, ‘ரைட்’ என்ற அழைப்புகள் அந்த எண்ணை முன்னே நகர்த்தும். ‘சீக்’ அழைப்பு அதை விரும்பிய இடத்திற்கு மாற்றும்.

யுனிக்ஸ் பரவிய பி.டி.பி-11 கணிப்பொறியின் எண் 16 பிட்டு கொண்டது. அதனால் 65,536 இடங்களையே குறிக்க இயலும். எனவே தொலைவான இடங்களை 512 பைட்டுத் துண்டுகளாக எண்ண வேண்டியிருந்தது. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு, 32 பிட்டு எண்ணை ஏற்கும் ‘எல்சீக்’ அழைப்பைத் தந்தது. ‘எல்’ என்பது ‘லாங்’, அதாவது நீண்ட எண்ணைக் குறிக்கும். அதன் எல்லையான 2,14,74,83,647-உம் பிற்காலத்தில் போதாமற்போக, 64 பிட்டு எண் வழக்கிற்கு வந்தது.

எண்ணை நீட்டியும் தீராத தொல்லை ஒன்று இருந்தது. ஒரு நிரல் கோப்பைத் திறந்தபின் கிளை நிரலைத் தோற்றுவித்தால், இரண்டும் ஒரே இட எண்ணைப் பகிர்ந்துகொள்ளும். பயணச்சீட்டுப் பதிவுக் கோப்பு ஒன்றைக் கற்பனை செய்வோம். முதல் நிரல் 4,000-ஆம் இடத்திற்குச் செல்கிறது. அது எழுதுமுன் இரண்டாம் நிரல் எண்ணை 9,000-க்கு மாற்றிவிடுகிறது. முருகனின் பெயர் மேரியின் இருக்கைமேல் எழுதப்பட்டுவிடும்! இரு நிரல்களிலும் பிழையில்லை; இரு அழைப்புகளுக்கு இடைப்பட்ட கணத்திலேதான் பிழை புகுந்தது.

இதற்குத் தீர்வு ‘பிரீட்’, ‘பிரைட்’ என்ற அழைப்புகள். இடத்தையும் செயலையும் ஒரே வேண்டுகோளில் சொல்வதால் இடைவெளி மறைகிறது; பொது இட எண்ணும் மாறுவதில்லை. 1997-இல் இவை யுனிக்ஸ் பொது விதித்தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் இடம்பெற்றன. அதே ஆண்டில் லினக்ஸிலும் சேர்ந்தன. ஆயினும் இருவர் ஒரே இடத்தில் எழுத முனைந்தால் இவை காவா. அதற்குப் பூட்டு முறை வேண்டும்.

சி மொழி பயிலும் மாணவர்கள் இரு கிளை நிரல்களை ஒரே கோப்பில் எழுத விட்டு, முதலில் ‘எல்சீக்’, பின்னர் ‘பிரைட்’ கொண்டு பலமுறை சோதித்துப் பார்க்கலாம். கோப்பில் காணும் வேறுபாடே இவ்வரலாற்றின் காரணத்தை உணர்த்தும்.